குடைக்கடைக்காரர் வாங்கிய தியோடலைட்

கொடைக்கானல் பஜாரில் பொன்னுவேலுக்கு ஒரு குடைக்கடை இருந்தது. குடையோடு கம்பளிச் சட்டை, மப்ளர், ஏரிப் படம் போட்ட தபால் அட்டை எல்லாம் விற்றார். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில், யார் கேட்டாலும் விற்க மாட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த சாமான்கள் இருந்தன. யாரும் கேட்கவில்லை.

சுதந்திரம் வந்த கையோடு துரைமார்கள் பங்களாக்களைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறியபோது மலையில் ஏலத்துக்கு மேல் ஏலம் நடந்தது. மற்றவர்கள் சாய்வு நாற்காலிக்கும் பீங்கான் தட்டுக்கும் போட்டி போட்டார்கள். பொன்னுவேல் ஒரு மூலையில் கிடந்த பித்தளைத் திசைகாட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். முள் நடுங்கியது, யோசித்தது, பிறகு வடக்கே திரும்பி நின்றுவிட்டது. அவ்வளவு உறுதியான முடிவை அவர் அதுவரை எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பத்து வருஷத்துக்குள் நூறு கண்ணி கொண்ட அளவுச் சங்கிலி, மூன்று ரசமட்டங்கள், வரைபலகை, சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவுக் கழிகள் என்று நில அளவைக் கருவிகளாக வீடு நிறைந்துவிட்டது. கடைசியாக நடந்த ஏலத்தில் ஒரு வெயில் தொப்பியும் இலவசமாகச் சேர்ந்து வந்தது.

"எங்கப்பா பழனியில வச்சு என்னைக் கட்டிக் குடுக்கும்போது மாப்பிள்ளைக்குக் குடைக்கடைன்னுதான் சொன்னாங்க. தாலுகா ஆபீசுன்னு சொல்லல" என்பாள் அவர் மனைவி லீலா. சங்கிலியின் மேல் துணி காயப்போடுவதை அவள் நிறுத்தவே இல்லை.

இத்தனை இருந்தும் பொன்னுவேல் எதையும் அளந்ததில்லை. ஒரே ஒரு முறை தம் வீட்டை அளந்தார். பத்திரத்தில் இருந்ததைவிட ஒன்றேகால் அடி குறைந்தது. அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு இல்லை. ஆனால் பழைய சர்வே புத்தகம் ஒன்றை வரி விடாமல் படித்திருந்தார். அந்தப் புத்தகத்தில் பாதி, தம்மிடம் இல்லாத ஒரு கருவியைப் பற்றியது என்பதுதான் அவருடைய குறை. அது தியோடலைட். முக்காலியின் மேல் நிற்கும் பித்தளைத் தொலைநோக்கி. எதிரே இருக்கும் எதையும் இது எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று சொல்லிவிடும். ஏலங்களில் அது வரவே இல்லை. வைத்திருந்தவர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை.

1961ஆம் வருஷம் தை மாதம் காய்கறி லாரி ஓட்டும் சேனாதிபதி கடைக்கு வந்தான். "நீங்க தேடுற சாமான் பூண்டியில கெடக்குங்க" என்றான். "குழந்தைவேல்னு ஒருத்தர் வீட்டுல. மூணு காலு தனியா, பெட்டிக்குள்ள பித்தளைக் குழாயி. கால்ல பூண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க."

பொன்னுவேல் அன்று கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

மறுநாள் வெள்ளனே லாரியில் ஏறினார். பேரத்தைச் சேனாதிபதியே முன்கூட்டிப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தான்: தியோடலைட்டுக்கு ஈடாகக் குழந்தைவேலுக்கு ஒரு கம்பளிக் கோட்டு, இரண்டு குடை, அவர் மனைவி வேலுத்தாய்க்கு ஒரு சால்வை. லாரி போகும் ரோடு முடிந்த இடத்திலிருந்து பூண்டிக்கு மூன்று மைல் ஒற்றையடிப் பாதை. ஊரில் விளைகிற பூண்டும் காரட்டும் அந்த மூன்று மைலும் தலைச்சுமையாகத்தான் வந்தன. பொன்னுவேல் தம் கோட்டைப் போட்டுக்கொண்டு, மலை வெயில் மண்டையில் ஏறாமல் இருக்க ஏலத்தில் வந்த அந்தத் துரைத் தொப்பியையும் வைத்துக்கொண்டு நடந்தார். அதுதான் முதல் தப்பு.

குழந்தைவேல் பெட்டியைத் திறந்து காட்டினார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அளக்க வந்த ஒரு துரைக்குக் காய்ச்சல் கண்டு டோலியில் கீழே இறக்கினார்களாம். திரும்பி வரவில்லை. அவருடைய கருவியின் மேல் விதைப்பூண்டு கொட்டி வைத்திருந்தார்கள். பூண்டுக்கு அடியில் பித்தளை பத்திரமாக இருந்தது. திருகுகள் திரும்பின. கண்ணாடியில் கீறல் இல்லை. கோணத்தைக் காட்டும் வெள்ளித் தகட்டில் கோடுகள் மயிரிழை போல் ஓடின. பொன்னுவேல் கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க, குழந்தைவேல் புதுக் கோட்டைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டார்.

அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். "ஒரு தரம் நிறுத்திப் பார்த்துக்கிறேங்க" என்றார் பொன்னுவேல். அது இரண்டாவது தப்பு.

ஊர்க் களத்தில் முக்காலியை விரித்து, மட்டம் சரிபார்த்து, கண்ணை வைத்தார். அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். வானம் கீழே இருந்தது. மேலே ஒரு பூண்டு வயல் தொங்கியது. வயலில் ஒரு மனிதர் தலைகீழாக நின்று கொத்திக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த மனிதர் நிமிர்ந்தார், இவரைப் பார்த்தார், மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலைகீழாக ஓடிவர ஆரம்பித்தார்.

அவர் பெயர் ஆண்டிச்சாமி. பாதையை ஒட்டியிருந்த அவருடைய வரப்பு வருஷத்துக்கு ஒரு சாண் வீதம் பாதைக்குள் நகர்ந்துகொண்டிருந்தது ஊரறிந்த விஷயம்.

அவர் வந்து சேர்வதற்குள் களத்தில் பாதி ஊர் கூடியிருந்தது.

"ஐயா எந்த ஆபீசுங்க? பாரஸ்டா, ரெவின்யூவா?" என்று ஊர்த் தலைவர் நாச்சிமுத்து கேட்டார்.

"ஆபீசு இல்லைங்க. நான் குடைக்கடை வச்சிருக்கேன்."

"ஓகோ."

"நெசமாத்தாங்க. மழைக்குப் பிடிக்கிற குடை."

நாச்சிமுத்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சர்க்கார் ஆளு, நான் சர்க்கார் ஆளுன்னு சொல்லிட்டா வருவான்? முந்தி ஒருத்தர் பட்டாம்பூச்சி பிடிக்க வந்தேன்னு சொல்லிட்டு வந்தாரு. அடுத்த மாசமே எல்லைக் கல்லு நட்டாங்க. இவரு குடைங்கிறாரு."

ஒரு கோழி வந்தது. ஒரு புட்டித் தேன் வந்தது. ஒரு கூடை காரட் வந்தது. பொன்னுவேல் எதையும் தொடவில்லை.

"வாங்க மாட்டேங்கிறாரே" என்றார் சின்னக்கருப்பன் என்பவர், கவலையோடு. "கிளார்க்கா இருந்தா கோழியவாச்சும் வாங்கியிருப்பான். இவரு ரொம்பப் பெரிய ஆபீசர் போல."

இதற்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. லாரி ரோட்டைப் பூண்டி வரைக்கும் இழுக்கத்தான் ஆபீசர் வந்திருக்கிறார் என்று ஒரு கட்சி. அவர்கள், ரோட்டுக்கு அடையாளம் போடாமல் மிசின் ஊரை விட்டு நகரக்கூடாது என்றார்கள். இன்னொரு கட்சி ஆண்டிச்சாமி.

"எந்தக் காலத்துலயும் இது வெளிய போகக்கூடாது" என்றார் அவர். "இது பார்த்ததையெல்லாம் உள்ள பிடிச்சு வச்சிருக்கும். போட்டோ மாதிரி. தாலுகாவுல கொண்டுபோய்க் கழுவுனாங்கன்னா அவனவன் வரப்பு எங்க நிக்குதுன்னு அப்படியே தெரிஞ்சுபோகும்."

"உள்ளே ஒண்ணும் பதியாதுங்க" என்றார் பொன்னுவேல்.

"பாருங்க, எவ்வளவு வெரசா பதில் சொல்றாரு."

நாச்சிமுத்து தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு கட்சியும் மிசின் போகக்கூடாதுன்னு ஒரே வார்த்தையா நிக்குது. நம்மூருல இப்படி நடந்ததே இல்லை. அதனால போகாது." குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார். கோட்டைக் கழற்றித் தர மட்டும் அவர் முன்வரவில்லை.

பொன்னுவேல் களத்து ஓரத்தில் உட்கார்ந்தார். பத்து வருஷம் தேடிய பொருள் எட்டடி தூரத்தில் நிற்கிறது. அதைத் துடைக்கலாம், பார்க்கலாம், தூக்கிக்கொண்டு போக முடியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்பிள்ளை சோளக் கூழ் கொண்டுவந்து வைத்தாள். நாற்பது வயதிருக்கும், நல்ல உடம்பு, சுமை தூக்கித் தூக்கிக் கழுத்து தூண் மாதிரி இருந்தது.

"என் பேரு ராக்காயி" என்றாள். "நீங்க ஆபீசர் இல்லைன்னு எனக்குத் தெரியும்ங்க. போன ஐப்பசியில உங்ககிட்டதான் குடை வாங்குனேன்."

பொன்னுவேலுக்கு உயிர் வந்தது. "அதை அவங்ககிட்டச் சொல்லேம்மா."

"ரெண்டாவது மழையிலேயே கம்பி ஒடிஞ்சுபோச்சு."

"மாத்தித் தாரேன். நீ மொதல்ல சொல்லு."

"சொல்ல மாட்டேன். சொன்னா ரோடு போயிரும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாதையை அகலமாக்கணும்னு பதினஞ்சு வருசமாப் பேசிக்கிட்டுக் கெடக்கோம். நாங்க கோடு போட்டா சண்டை. மிசின் போட்டா சட்டம். ஒரு கோட்டைப் போட்டுக் குடுத்துட்டு உங்க சாமானைத் தூக்கிக்கிட்டுப் போங்க. வெட்டுற சோலியை நாங்க பார்த்துக்கிறோம்."

"எனக்கு ரோடு போடத் தெரியாதும்மா."

"இங்க யாருக்குத் தெரியும்? தப்புன்னு சொல்றதுக்கு ஆளு வேணும்ல."

பொன்னுவேல் கூழைக் குடித்தார். தியோடலைட்டைப் பார்த்தார். அது பித்தளையில் வெயில் பட்டு நின்றது. அவருக்குள் எங்கோ ஒரு ஓரத்தில், இது தண்டனை இல்லை, பத்து வருஷமாகக் கேட்காமல் விட்ட வரம் என்று ஒரு எண்ணம் தலை தூக்கியது. எழுந்து தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார்.

"முளைக்குச்சி முந்நூறு வெட்டிக் கொண்டாங்க" என்றார், தமக்கே புதிதான ஒரு குரலில்.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. புத்தகத்தில் படித்ததெல்லாம் விரல் நுனிக்கு வந்தது. பொன்னுவேல் கண்ணை வைத்துக் கையைக் காட்டுவார். கையை இடது பக்கம் அசைத்தால் குச்சிக்காரன் இடது பக்கம் போவான். உயர்த்தினால் நிற்பான். தட்டினால் முளை இறங்கும். குடைக்கடையில் அவர் கையை அசைத்ததற்கு இதுவரை எந்த வாடிக்கையாளரும் நகர்ந்ததில்லை. பாதை நேராகப் போன வரைக்கும், முதல் நாற்பது முளைகள் நூல் பிடித்ததுபோல் அதன் மேலேயே போயின. நாற்பத்தொன்றாவது முளை ஆண்டிச்சாமியின் பூண்டு வயலில் நட்டநடுவே விழுந்தது.

ஆண்டிச்சாமி சண்டை போடவில்லை. பொன்னுவேலைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிசின் போகலாம்னு நான் சொல்லிர்றேன்" என்றார். "நான் சொன்னா மத்தவங்க மறுக்க மாட்டாங்க. நீங்க அந்த முளையைப் பாதை ஓரத்துக்குத் தள்ளிப் போட்டுருங்க."

பொன்னுவேல் அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை. கருவி பொய் சொல்லாது. அதற்காகத்தான் அதன் மேல் அவருக்குக் காதலே. இப்போது அதை வைத்துக்கொண்டே பொய் சொன்னால்தான் அது கைக்குக் கிடைக்கும். காலையில் அவர் நாற்பத்தொன்றாவது முளையருகே போய், கோட்டுப் பையில் கொண்டுவந்திருந்த திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இந்த இடத்துல பூமிக்குள்ள இரும்பு இருக்கு" என்றார். "முள்ளை இழுக்குது. கோட்டைக் கொஞ்சம் வளைக்கணும்."

"இரும்பு எங்கங்க இருக்கு" என்றாள் ராக்காயி. "பூண்டுதான் இருக்கு."

ஆண்டிச்சாமி அவளை முறைத்தார். "ஏ ராக்காயி, உனக்கு மிசினைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது மாமா. உங்க வயலுக்குள்ள இரும்பு இருக்குன்னு உங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

முளை நகர்ந்தது. சின்னக்கருப்பன் இதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு அவருடைய காரட் பாத்தியை நெருங்கியபோது முன்னால் வந்து, "ஐயா, நம்ம நிலத்துலயும் அந்த இரும்பு கெடக்கும், ஒரு பார்வை பாருங்க" என்றார்.

"ஒரே மலைதானே, இல்லாமலா போகும்" என்றார் நாச்சிமுத்து. அவருடைய நிலம் அதற்கு அடுத்தது.

அதன் பிறகு இரும்பு பெருகியது. கருப்பசாமி கல்லுக்கு அடியில் இருந்தது. குழந்தைவேலின் எருக்குழியில் இருந்தது. இன்னொருவர் வீட்டுப் பேரிக்காய் மரத்தடியில் ஏராளமாக இருந்தது. பொன்னுவேல் ஒவ்வொரு வளைவையும் கோணம் பார்த்து, பாகை, பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலை வரைக்கும் நோட்டில் எழுதினார். பொய்யாக இருந்தாலும் துல்லியமாக இருக்கட்டும் என்று நினைத்தார். ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏற்றம் அதிகமாக இருக்கிறது, இங்கே லாரி ஏறாது, கோட்டைச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று அரை மணி நேரம் நாச்சிமுத்துவோடு வாதாடினார். வராத லாரிக்காகத் தாம் ஏன் தொண்டை கிழியக் கத்துகிறோம் என்று பிறகுதான் யோசித்தார். ஆனால் அந்த இடத்தில் அவர் சொன்னபடியே முளை விழுந்தது.

மூன்றாம் நாள் கடைசி முளை லாரி ரோட்டைத் தொட்டது. பொன்னுவேல் தியோடலைட்டைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்தார். முளைகள் வளைந்து வளைந்து, மேடு இறங்கி, வரப்புகளைச் சுற்றி, மரத்துக்கு விலகி வந்துகொண்டிருந்தன. எங்கேயோ பார்த்த வழியாக இருந்தது. கண்ணை எடுத்து நேராகப் பார்த்தார். ஏற்றத்தைச் சுற்றிய அந்த ஒரு இடம் தவிர, முந்நூறு முளையும் பழைய ஒற்றையடிப் பாதையின் மேலேயே நின்றன. அந்தப் பாதையும் இப்படித்தான், ஒவ்வொருவருடைய இரும்புக்கும் ஒதுங்கி ஒதுங்கி உண்டாகியிருக்க வேண்டும்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கோ ஒரே சந்தோஷம்.

"பார்த்தீங்களா, மிசினும் நம்ம பாதையைத்தான் சரிங்குது" என்றார் நாச்சிமுத்து. "எவன் நிலத்துலயும் ஒரு பிடி மண்ணு போகல. இவரு ஆபீசர் இல்லை, தெய்வம்." முளையை எவரும் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் ஊரை விட்டுத் தள்ளிவைப்போம் என்று அங்கேயே எல்லாரும் கருப்பசாமியின் பேரில் சத்தியம் செய்தார்கள். முதலில் கையை நீட்டியவர் ஆண்டிச்சாமி.

மறுநாள் காலையில் லாரி வரும் நேரத்துக்கு ஊர் முழுக்க வழியனுப்ப வந்தது. தியோடலைட் பெட்டியை ஆண்டிச்சாமியே தலையில் வைத்து மூன்று மைலும் சுமந்து வந்தார், யாருக்கும் தரவில்லை. சேனாதிபதி லாரியைத் திருப்பி நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் காத்திருந்தான்.

ராக்காயி முன்னால் வந்தாள். கையில் மண்வெட்டி இருந்தது. வெட்டுற வேலை இன்றைக்கே ஆரம்பம் என்று சொல்லியிருந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம்" என்றாள். "சர்க்கார் ரோடு எத்தனை அடி அகலங்க?"

பொன்னுவேல் பெட்டியைப் பார்த்தார். பெட்டி ஆண்டிச்சாமியின் தலையில் இருந்தது. ஆண்டிச்சாமியின் இரண்டு கைகளும் அதைப் பிடித்திருந்தன. இதுவரை யாரும் கேட்காத கேள்வி. முளை என்றால் தம் நிலத்துப் பக்கம் ரோடு முடிகிற ஓரம் என்று எல்லாரும் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுவேலும் அதைத் திருத்தவில்லை. அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் 'மையக்கோடு' என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

"பெட்டியை மொதல்ல ஏத்திருவோம்" என்றார். "பித்தளை, கனமா இருக்கும். பாவம், எவ்வளவு நேரம் சுமப்பாரு."

ஆண்டிச்சாமி பெட்டியை லாரியின் முன் இருக்கையில் வைத்தார். பொன்னுவேல் ஏறி அதைத் தம் மடிக்கு இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். பத்து வருஷம். இனி வாயைத் திறக்காமல் போய்விடலாம். சேனாதிபதி கியரைப் போட்டான். ஜன்னலுக்கு வெளியே ராக்காயி அப்படியே நின்றாள். மூன்று நாளில் அந்தக் கருவியின் பேரில் தாம் சொன்ன பொய்களைப் பொன்னுவேல் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பன்னெண்டு அடிம்மா" என்றார், லாரி இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி. "முளைதான் நடு. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு."

எல்லாரும் மனசுக்குள் அவரவர் வரப்பிலிருந்து ஆறடியை அளந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க மாட்டுக் கொட்டத்துல மூணு அடி போகுது" என்று ராக்காயி சத்தமாகச் சொன்னது கேட்டது. "போகட்டும். மாமா, உங்க பூண்டுல எவ்வளவு போகுது?"

லாரி வளைவில் திரும்பியபோது பொன்னுவேல் பின்னால் பார்த்தார். ஆண்டிச்சாமி லாரியைத் துரத்தவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் தம் பூண்டு வயலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், தோளில் மண்வெட்டியோடு, ராக்காயி போய்க்கொண்டிருந்தாள்.